நொச்சிக் கண்மாயின் தாய்மாமன்கள்

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் உமர் பாருக்கின் ஃப்ளெக்ஸ் கடையில் பாஜிலா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பதினாறு வருடம் ஆகிறது. இந்தப் பதினாறு வருடத்தில் ஊரில் யாருக்கும் வயதாகவில்லை. சந்தேகம் இருந்தால் எந்த மின்கம்பத்தை வேண்டுமானாலும் நிமிர்ந்து பாருங்கள். அறுபதைத் தாண்டிய மாமன்கள் முப்பது வயதுக் கன்னத்தோடு கைகூப்பி நிற்பார்கள். வெற்றிலைக் கறை ஏறிய பல் எல்லாம் தேங்காய்ப் பத்தையாக மின்னும். வழுக்கைக்கு முடி வைப்பது அவளுக்கு இரண்டு நிமிட வேலை. மிளகாய் மண்டிக்காரர் ஒருவருக்கு அவள் வைத்த முடி அத்தனை பொருத்தமாக அமைந்துபோய், மறுநாள் அவர் சலூனில் போய் உட்கார்ந்து வெட்டச் சொன்னதாகவும், சலூன்காரரும் மரியாதைக்காக ஒரு மணி நேரம் கத்தரியை ஆட்டி அனுப்பியதாகவும் பேச்சு. ஒரு மணி நேரம் என்பது கொஞ்சம் கூடுதல். அரை மணி நேரம்தான் இருக்கும்.

உத்தமபாளையத்திலிருந்து இங்கே வாழ வந்தவள் பாஜிலா. புருஷன் இத்ரீஸ் ஜீப் ஓட்டுகிறார். விடியும் முன்னே ஏலத்தோட்ட வேலையாட்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். நொச்சிக் கண்மாயின் வடகரையை ஒட்டி அவர்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு. கண்மாயில் தண்ணீர் கிடந்தால் கிணற்றில் கை நீட்டி மொள்ளலாம். கண்மாய் வற்றினால் கிணறும் வற்றும். அந்தக் கிணற்றுக்காகத்தான் அந்த இடத்தில் வீடு கட்டினார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே அவள் ஒரு பெரிய தப்பு செய்தாள். நம் பக்கத்தில் காதுகுத்து பேனரில் கடவுள் படம் சிறியதாகப் போனால்கூட மன்னிப்பு உண்டு. தாய்மாமன் படம் விட்டுப்போனால் கிடையாது. வீரபாண்டி வீட்டுக் காதுகுத்துக்கு அடித்த பேனரில் இரண்டு மாமன்களில் சின்னவரான அழகரின் படத்தை அவள் விட்டுவிட்டாள். பந்தல் போட்டு, கிடா வெட்டி, ஆசாரி ஊசியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அழகர் சீர்த்தட்டோடு மண்டப வாசலில் நின்று பேனரை மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார், திரும்பி ஒரு புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"என் மூஞ்சி இல்லாத எடத்துல என் மடி மட்டும் எதுக்கு? அங்கன நிக்கிற மூஞ்சி மடியிலயே பிள்ளைய ஒக்கார வச்சுக் குத்துங்க" என்றாராம்.

பாஜிலா கடைக்கு ஓடி, புதிதாக ஒன்று அடித்து, மொபெட்டில் கொண்டு வந்து கட்டிய பிறகுதான் பிள்ளை மாமன் மடி ஏறியது. காலை பத்து மணிக் காது, சாயங்காலம் நாலு மணிக்குக் குத்தப்பட்டது. கிடாக்குழம்பு ஆறிப்போய், அதன் மேல் படிந்த கொழுப்பில் ஒரு காக்காய் நடந்து போனதைப் பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு மாமனையும் விட்டதில்லை. அண்ணன் தம்பி மாமன்கள் என்றால் இரண்டு படத்தையும் மயிரிழை பிசகாமல் ஒரே அளவில் வைப்பாள். ராவுத்தர் தெரு சுன்னத் கல்யாணத்திலும் கதை இதேதான். மாமன் சீர் வராமல் ஒரு விசேஷமும் நகராது. படம் ஏறிவிட்டால் சீர் வந்தே ஆக வேண்டும். ஊரே பார்த்த முகத்தை யாராலும் ஒளிக்க முடியாது.

இனிமேல் கண்மாய்க் கதை.

போன ஆனி மாதம் பேரூராட்சி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கரையில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார். கோழிக்கழிவு மூட்டை, கல்யாண மண்டப இலை, உடைந்த கக்கூஸ் பீங்கான், திராட்சைத் தோட்டத்து மருந்து டப்பா என்று சகலமும் அங்கே கிடந்தன. "எப்படியும் நீங்க குப்பைதான் போடுறீங்க. இதையே குப்பைக்கிடங்கா மாத்தணும்னு ஒரு ஃபைல் இருக்கு. நாப்பது நாள்ல திரும்ப வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா நான் கையெழுத்துப் போட்ருவேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. வெயில் அடிக்கும், மழை பெய்யும் என்பதுபோலச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

கண்மாய்ச் சங்கத் தலைவர் தமிழ்மாறன் நேராகக் கடைக்கு வந்தார். தென்னந்தோப்புக்காரர், நல்ல மனிதர், எதையும் மூன்று தடவை சொல்வார்.

"பாஜிலா, ஒரு போஸ்டர் போடும்மா. பாத்தவுடனே மனசு மாறணும். மாறணும். அப்படி மாறணும்."

இத்ரீசிடம் அன்று சாயங்காலம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "கிடங்கு வந்துச்சுன்னா இதுல ஊறுற தண்ணியில காலு கூடக் கழுவ முடியாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பாஜிலாவுக்கு அது போதுமாயிருந்தது.

ஆனால் அவசரத்தில் எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். நெட்டிலிருந்து ஒரு படம் இறக்கினாள்: இரண்டு கை, கைக்குள் பூமி உருண்டை, உருண்டைமேல் ஒரு செடி, பின்னால் பச்சை வெளிச்சம். "இயற்கையைக் காப்போம், அது நம் அனைவரின் கடமை" என்று எழுதி, பத்துக்கு எட்டில் ஃப்ளெக்ஸ் அடித்துக் கரையில் கட்டியாயிற்று. பார்க்க ஜோராகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் பேனர் கட்டிய மூங்கிலிலேயே ஒரு கோழிக்கழிவு மூட்டை தொங்கியது. போட்டவருக்கும் அழகுணர்ச்சி இருந்திருக்க வேண்டும். சரியாக அந்த இரண்டு கைகளுக்கு நடுவே வருகிற மாதிரி கட்டியிருந்தார்.

ஆடி பிறந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் ஆடிக்காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றில் எங்கள் ஊரில் காயப்போட்ட வேட்டியைக் கெங்குவார்பட்டியில் எடுத்து மடித்து வைத்திருக்கிறார்கள். பேனர் என்ன கணக்கு? மூன்றாம் நாள் பிய்த்துக்கொண்டு போயிற்று.

ஐந்தாம் நாள் ஜக்கம்மா கடைக்கு வந்தாள். கடைமடையில் அரை ஏக்கர் நெல் வைத்திருக்கிறவள். கண்மாயின் கடைசிச் சொட்டு அவள் வயலுக்குத்தான். முழங்கால் வரை சேறு. கடையின் வெள்ளை டைல்ஸில் ஏழு கால்தடம் பதித்து வந்து பாஜிலாவின் மேஜைக்கு எதிரே நின்றாள்.

"ஆத்தா, ஒரு பூமி உருண்டை படம் போட்டியாமே, அது ஒன்னுதுதான?"

"ஆமாக்கா. நல்லா இருந்துச்சா?"

"எனக்கென்ன தெரியும், நான் முதுகுப்பக்கந்தான் பாத்தேன். என் மடையில சொருகிக் கெடக்கு. ரெண்டு நாளா வயலுக்குத் தண்ணி வரல. எந்திரிச்சு வா."

பாஜிலா மொபெட்டில் அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனாள். மடை என்றால் கண்மாயிலிருந்து வயலுக்குத் தண்ணீர் இறங்குகிற கல் வாய். அதில் பூமி உருண்டை சுருண்டு அடைத்திருந்தது. இரண்டு பேரும் இடுப்புச் சேற்றில் இறங்கி இழுத்தார்கள். அது வந்தது. அதன் பின்னால் இன்னொன்று இருந்தது. அதையும் இழுத்தால் அதற்குப் பின்னால் ஒன்று. வித்தைக்காரன் வாயிலிருந்து ரிப்பன் வருவதுபோல வந்துகொண்டே இருந்தது. பழைய பேனர் எதுவும் விசேஷம் முடிந்ததும் மறைந்துபோவதில்லை. மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகும், வைக்கோலுக்கு மூடாகும், கிழிந்தால் குப்பை கட்டப் பயன்படும், கடைசியில் காற்றோடு கண்மாய்க்கு வந்து சேரும். மொத்தம் நாற்பத்தொன்று. ஜக்கம்மாவைக் கேட்டால் நூறு என்பாள். நானே அதை இருநூறு ஆக்கிச் சொல்லியிருப்பேன். ஆனால் எண்ணியது பாஜிலா.

கரையில் வரிசையாக விரித்தார்கள். சேற்றைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கழுவ முகங்கள் வந்தன. வீரபாண்டி வீட்டுக் காதுகுத்து. பால் சங்கத் தேர்தலுக்கு நின்ற தமிழ்மாறன். பூப்பு நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, வரவேற்பு. அவள் வெளுத்துக் கொடுத்த பல் ஒன்றுகூட மங்கவில்லை. அத்தனை பேரும் சேற்றிலிருந்து அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஜக்கம்மா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். "ஒரு ஊரையே அச்சடிச்சு என் மடையில சொருகிட்டியே ஆத்தா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பாஜிலாவுக்கு அதற்குப் பிறகு ஒரு வாரம் வேலையே ஓடவில்லை. அவள் அடித்த பேனர்தான் அவள் கிணற்றுக்கு வருகிற தண்ணீரிலும் கிடந்திருக்கிறது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அந்தப் பூமி உருண்டை மனதை விட்டுப் போகவில்லை. அதைத் தாங்குகிற அந்த இரண்டு கையும் யாருடையவை? மோதிரம் இல்லை, காப்பு இல்லை, நகத்தில் அழுக்கு இல்லை. எங்கள் ஊரில் யாருக்கும் அப்படிக் கை கிடையாது. 'நம் அனைவரின் கடமை' என்று எழுதியபோது அவளே யாரையும் நினைத்து எழுதவில்லை. நினைக்காமல் எழுதியதைப் படித்தவர்களும் தங்களை நினைக்கவில்லை. கோழிக்கழிவு கட்டியவருக்கு அது யாரோ ஒருத்தருடைய கை. தன் கை இல்லை.

எட்டாம் நாள் அவள் தமிழ்மாறனைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள்.

அசல் காதுகுத்து பேனர். மேலே இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் ரோஜா மாலை வட்டம். வட்டத்துக்குள் பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் போன கார்த்திகையில் தண்ணீர் தளும்பிய நொச்சிக் கண்மாய். அடியில் 'எங்கள் வீட்டுச் செல்லம்'. அதற்குக் கீழே 'தாய்மாமன்மார், அத்தைமார்' என்று தலைப்புப் போட்டு ஐம்பத்திரண்டு முகங்கள். ராவுத்தர் தெருவும் மேலத்தெருவும் கலந்து, எல்லாம் ஒரே அளவு. ஒவ்வொரு முகத்துக்கும் அடியில் சீர் என்று ஒரு வரி. அழகருக்கு 'வேப்பமரம் முதல் குழாயடி வரை'. வேல்விழி டீச்சருக்கு 'குழாயடி முதல் இரண்டாம் பனை வரை'. இப்படி கண்மாய்க் கரை முழுவதும் ஆளுக்கு இருபது எட்டு, அதாவது இருபது காலடி, என்று பங்கு பிரிந்திருந்தது.

தமிழ்மாறன் தன் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் பேசினார். "இவுககிட்ட எல்லாம் கேட்டியாம்மா?"

"கேக்கலண்ணே. படம் எல்லாம் கம்ப்யூட்டர்லயே இருக்கு."

"கேக்காமப் போட்டா சண்டைக்கு வருவாகளே. சண்டைக்கு வருவாகம்மா."

"படம் போட்டதுக்கு நம்ம ஊர்ல யாருண்ணே சண்டைக்கு வந்திருக்கா? விட்டுப்போனாத்தான வருவாக."

இந்த முறை ஃப்ளெக்ஸ் வேண்டாம் என்று தேனிக்கே போய்த் துணியில் அச்சடித்து வந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கரையில் டீக்கடைக்கு எதிரே கட்டினார்கள்.

கூட்டம் கூடியது. முதலில் எல்லாரும் தன் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு பக்கத்து முகத்தைப் பார்த்தார்கள். அழகர் வீட்டுக்குப் போய் ஸ்கேல் எடுத்து வந்து அளந்தார். வித்தியாசம் ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அடியில் இருக்கும் வரியை வாசித்தார்கள். படம் வேண்டாம் என்றால் மாமன் முறை வேண்டாம் என்று ஆகும். எங்கள் ஊரில் சீருக்குப் பயந்து மாமன் முறையைக் கழற்றியவன் என்று பேர் வாங்கினால் பேரன் காலம் வரைக்கும் நிற்கும்.

கார்த்திக்ராஜ் என்று ஒருவர், பைனான்சில் வேலை, அவர் மட்டும் கடைக்கு வந்தார். "எனக்கு நேரம் இல்லைங்க. என் படத்த எடுத்துருங்க."

"எடுத்துர்றேண்ணே" என்றாள் பாஜிலா. "அந்தக் கட்டத்த மட்டும் வெள்ளையா விட்டுர்றேன். பேரு இருக்கட்டும்."

அவர் யோசித்தபடியே வெளியே போனார். ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு கரையில் நின்றார்.

சனிக்கிழமை வந்தவர் பிராய்லர் கடை பாண்டியராஜன். கோழிக்கழிவு யாருடையது என்பது ஊருக்கே தெரியும்; மூஞ்சிக்கு நேரே கேட்டவர் கிடையாது. அவர் படம் பேனரில் இல்லை. மறந்துவிட்டேன் என்று பாஜிலா இன்றைக்கும் சொல்கிறாள். பதினாறு வருடமாக ஒரு மாமனையும் மறக்காதவள்.

"நான் என்ன வெளியூர்க்காரனா?" என்று ஆரம்பித்தார். "இந்த ஊருல எந்த விசேசத்துக்குக் கறி போடல நானு? நேத்து வந்தவன் மூஞ்சியெல்லாம் மாமன்னு நிக்குது, நான் மட்டும் யாரு?"

"தப்புதாண்ணே. போட்ருவோம். ஆனா எல்லாக் கரையும் பிரிச்சாச்சே." அவள் திரையில் தேடுவதுபோலத் தேடினாள். "கலுங்குப் பக்கம் மட்டுந்தான் மிச்சம் கெடக்கு."

கலுங்கு என்பது கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் இடம். அவர் மூட்டைகளைப் போடுவதும் அங்கேதான். பாண்டியராஜன் அவளைப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்புட்டு நீளம்?" என்றார் கடைசியில்.

"மத்தவுகளுக்கு இருபது எட்டு. ஒங்களுக்கு முப்பது போடட்டா?"

"இருபதே போடு. மத்தவுகளுக்கு மேல நான் எதுக்கு."

எல்லாரும் வந்தார்கள் என்று சொன்னால் அது என் வழக்கமான பொய்களில் சேரும். பாண்டியராஜனையும் சேர்த்து ஐம்பத்து மூன்றில் முப்பத்தெட்டு பேர் வந்தார்கள். சிலர் ஆள் அனுப்பினார்கள். இரண்டு பேர் வந்து போட்டோ எடுத்துவிட்டுப் போனார்கள். தன் பங்கைச் சுத்தம் செய்து குப்பையை அடுத்தவர் பங்கில் தள்ளியதற்காக அழகருக்கும் வேல்விழி டீச்சருக்கும் குழாயடியில் நடந்த வாக்குவாதம் தனிக்கதை. ஆனாலும் மூன்று ஞாயிறுகளில் கரை கரையாகத் தெரிந்தது. பாண்டியராஜன் கலுங்கில் குழி வெட்டிக் கழிவை மூடினார். புது மூட்டை எதுவும் வரவில்லை.

ஜக்கம்மாதான் ஒருநாள் பேனரைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "ஏத்தா, நான் இருக்கேன், என் சம்பந்தி இருக்கா. ஒன் படம் எங்க?"

"செய்யிறவ படம் எதுக்குக்கா" என்றாள் பாஜிலா சிரித்துக்கொண்டு. அதை அவள் அடக்கம் என்றுதான் நினைத்திருந்தாள்.

நாற்பதாம் நாள் அதிகாரி வந்தார். தமிழ்மாறன் ஒவ்வொன்றையும் மூன்று தடவை சொல்லிக்கொண்டே கூட நடந்தார். வேப்பமரம், குழாயடி, பனைகள், கலுங்கு. அதிகாரி மூக்கைப் பொத்தவில்லை. சுற்றி வந்து மடைக்குப் பக்கத்தில் நின்றார். அங்கே, மடைக்கு மேலே புதரில், ஃப்ளெக்ஸ் ஓரம் வெட்டிய நறுக்குகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. பழசு கொஞ்சம், போன வாரத்துப் புதுசு கொஞ்சம். காற்றில் இரண்டு மூன்று தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தன.

"இது யார் பங்கு?" என்று கேட்டார்.

எல்லாரும் பேனரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐம்பத்து மூன்று வரியிலும் மடை இல்லை. கரை முழுவதையும் எட்டு வைத்து அளந்து பிரித்தவள் அந்த இடத்தை யாருக்கும் எழுதவில்லை. அந்த நறுக்குகள் தன் கடையுடையவை என்பதும், கடையாள் வாராவாரம் அங்கே கொட்டுகிறார் என்பதும் பாஜிலாவுக்குத் தெரியும். தெரிந்ததாலேயே கண்ணில் படாமல் போயிருக்கிறது. பாண்டியராஜனை வேண்டுமென்று விட்டாள். தன்னை நினைக்காமலே விட்டுவிட்டாள்.

பாண்டியராஜன் மட்டும் ஒருமுறை அவள் பக்கம் பார்த்தார். அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"என்னோடது சார்" என்றாள் பாஜிலா.

அதிகாரி பேனரை ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார். "ஒரு மாசம் தர்றேன்" என்றார்.

கடைக்குத் திரும்பியவள் தன் நாற்காலியில் உட்காரவில்லை. உமர் பாருக் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இனி நறுக்கு கண்மாய்க்குப் போகக் கூடாது. பழைய பேனரக் கொண்டு வந்து குடுத்தாத்தான் புதுசு அடிக்கணும்."

"ஏம்மா, யாவாரம் பண்ண வேணாமா? பழசு கொண்டான்னா பக்கத்துக் கடைக்குப் போயிருவாக."

"போகட்டும். பேனர்ல மடைக்குன்னு ரெண்டு படம் போடப் போறேன். ஒண்ணு என்னோடது. இன்னொன்னு யாரோடதுன்னு நீங்க சொல்லுங்க."

உமர் பாருக் டீயை வைத்துவிட்டார். அவருக்கும் பதினாறு வருடமாக அவளைத் தெரியும். "மூக்கக் கொஞ்சம் சின்னதாக்கிப் போடு" என்றார்.

தன் படத்தைத் தேடினால், ஊரின் ஆயிரக்கணக்கான முகங்கள் இருந்த அந்தக் கம்ப்யூட்டரில் அவள் முகம் ஒன்றுகூட இல்லை. இத்ரீஸ் கரையில் நிறுத்தித் தன் போனில் ஒன்று எடுத்துக் கொடுத்தார். காற்றில் தலைமுக்காடு ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு, கன்னத்தில் மங்கு. பாஜிலா அம்புக்குறியை அந்த மங்கின் மேல் கொண்டு போய் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு மங்கைத் தொடாமல் அம்புக்குறியை எடுத்துவிட்டாள். இரண்டு படத்தையும் துணியில் அடித்து, ஊசி நூலால் பேனரின் கடைசி வரிசையில் தைத்தாள். அடியில் 'மடை' என்று மட்டும் இருந்தது.

"ஊரே எளவட்டமா நிக்குது, நீ மட்டும் வயசாளியா இருக்கியே" என்றாள் ஜக்கம்மா. அவள் வயலில் அன்றைக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.

அந்த மாதம் பாதி வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போனது உண்மை. மீதிப் பாதி, மாட்டுக்கொட்டகையில் இருந்து பழைய பேனரைச் சுருட்டிக்கொண்டு வந்ததும் உண்மை. அவற்றைத் தைத்து உமர் பாருக் தார்ப்பாயாக லாரிக்காரர்களுக்குக் கொடுக்கிறார். இப்போது தேனி சந்தைக்குப் போகிற தக்காளி லாரிகள் மேல் எங்கள் ஊர் மாமன்கள் வானத்தைப் பார்த்துச் சிரித்தபடி போகிறார்கள்.

சொன்னபடி அதிகாரி வந்தார். நேராக மடைக்குத்தான் போனார். குனிந்து பார்த்தார். தண்ணீர் தடையில்லாமல் இறங்கியது. ஃபைலைத் திறந்து, 'கண்மாய் பாசனப் பயன்பாட்டில் உள்ளது' என்று ஒரு வரி எழுதி மூடினார். தமிழ்மாறன் அந்த வரியை மூன்று தடவை வாசித்தார்.

ஜீப்பில் ஏறப் போனவரைப் பாஜிலா நிறுத்தினாள். "சார், ஒங்க படம் ஒண்ணு குடுத்துட்டுப் போங்க."

"எனக்கு எதுக்கும்மா?"

"நீங்களும் இத்தன தடவ வந்துட்டீங்க. மொறைக்கு மாமன்தான."

அவர் பேனரைப் பார்த்தார். ஒவ்வொரு முகத்துக்கும் அடியில் இருந்த வரிகளைப் பார்த்தார். "அனுப்புறேன், வாட்சப்ல அனுப்புறேன்" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். ஜீப் கிளம்பிய வேகத்தில் கரையில் இருந்த நாலு கொக்கும் மேகமலைப் பக்கம் பறந்தன.

படம் இன்னும் வரவில்லை. கலுங்குக்கு மேற்கே பத்து எட்டு அவருக்காக வைத்திருக்கிறாள். அதுவரை அந்தப் பத்தையும் சேர்த்துப் பாண்டியராஜன் பார்த்துக்கொள்கிறார்; முணுமுணுத்துக்கொண்டேதான்.